மூட்டு மாத்திரையும் அக்கியும்: நம் செல்லின் கைனேஸ்கள் ஹெர்பிஸ் வைரஸுக்கு எந்தப் பக்கம்?

காவிரிக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 67. முடக்குவாதத்துக்காக எட்டு மாதமாக டோஃபாசிட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். விரலை மடக்க முடியாமல் இருந்தவர், இப்போது சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறார். அந்த அளவுக்கு மருந்து கைகொடுத்தது. போன வெள்ளிக்கிழமை வலது விலாவில் நெருப்புப் பட்டதுபோல் எரிகிறது என்றார். தோலில் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குளிக்கப் போனவர் கூப்பிட்டுக் காட்டினார்: முதுகுத்தண்டின் ஓரத்திலிருந்து மார்புவரை, பாதி வடம் சுற்றியதுபோல், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். இடது பக்கம் ஒன்றுகூட இல்லை.

அத்தை பார்த்த உடனே அக்கி என்றார். வேளாரிடம் அழைத்துப்போய்க் காவியில் அக்கி எழுதிவிட்டு வரச் சொன்னார். நான் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். மூட்டு மாத்திரையைக் கொப்புளம் காயும்வரை நிறுத்தச் சொன்னார். இந்த மாத்திரையில் இப்படி நேரலாம் என்று எட்டு மாதத்தில் ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. அந்த வருத்தம் இருக்கிறது. ஆனால் நான் இங்கே வந்தது வேறு கேள்விக்காக.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் இது ‘கைனேஸ் தடுப்பான்’ என்று எழுதியிருக்கிறது. ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ்கள் பெருகுவதற்கு நம் செல்லின் கைனேஸ்கள் வேண்டும் என்று வேறோர் இடத்தில் படித்தேன். அக்கி வைரஸும் அந்தக் குடும்பம்தான். கைனேஸைத் தடுத்தால் வைரஸ் அடங்கத்தானே வேண்டும்? எப்படி எழுந்தது?

நுண்ணோக்கி

அப்பா விரைவில் நலம்பெறட்டும். நான் சைட்டோமெகலோ வைரஸில் ஆய்வு செய்யும் மாணவன். அதுவும் இதே குடும்பம்.

கைனேஸ் என்பது தொழிலின் பெயர். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு மூலக்கூறின்மேல் வைக்கும் நொதி எதுவானாலும் அதற்கு அந்தப் பெயர்தான். மனிதனின் மரபணுத் தொகுப்பில் புரதங்களின்மேல் பாஸ்பேட் வைக்கும் கைனேஸ்கள் மட்டும் 518 என்று 2002-இல் பட்டியலிட்டார்கள். ஆகவே ‘கைனேஸைத் தடுத்தால்’ என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. எந்தக் கைனேஸ், எந்தச் செல்லில், தொற்றின் எந்தக் கட்டத்தில் என்று மூன்றையும் கேட்க வேண்டும்.

உங்கள் அப்பாவின் மாத்திரை தடுப்பது ஜாக் என்ற சிறு குடும்பத்தை. நான்கே பேர்: ஜாக்1, ஜாக்2, ஜாக்3, டைக்2. ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அது இன்டர்ஃபெரானைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை செல்லின் வெளிச்சுவரில் வந்து சேர்ந்ததும் உள்ளே எடுத்துச் செல்பவை ஜாக்1-உம் அதன் கூட்டாளிகளும்தான். மூட்டில் வீக்கத்தை உண்டாக்கும் சமிக்ஞைகளும் அதே வழியாகத்தான் போகின்றன. மாத்திரை அந்த வழியை அடைக்கிறது. வீக்கம் தணிகிறது, எச்சரிக்கையும் காதில் விழாமல் போகிறது.

சின்ன வயதில் சின்னம்மை வந்தபோதே அந்த வைரஸ் முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் போய் அமர்ந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாக டி செல்கள் என்ற எதிர்ப்பாற்றல் செல்கள் அதைக் கண்காணித்து வந்தன. வயது கூடக்கூட அந்தக் காவல் தளரும். மாத்திரை இன்னும் கொஞ்சம் தளர்த்தியது. ஒரே ஒரு நரம்பு முடிச்சிலிருந்து கிளம்பியதால்தான் ஒரு பக்கம் மட்டும், ஒரு பட்டையாக வந்திருக்கிறது.

வார்டுவாசல்

சிறுநீரக மருத்துவன் நான். மேலே சொன்னது சரி. ஜாக் தடுப்பான்களுக்கும் அக்கிக்கும் உள்ள தொடர்பு நன்கு பதிவானது. மருந்தின் தாளிலேயே அந்த எச்சரிக்கை இருக்கும். கூடவே ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். மாத்திரை தொடங்கும் முன்பே தடுப்பூசி பற்றிப் பேசியிருக்க வேண்டும். உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. கொப்புளம் முழுதும் ஆறிய பிறகு உங்கள் மூட்டு மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். காவி பூசுவதைப் பற்றி அத்தையிடம் சண்டை வேண்டாம். கொப்புளம் உடைந்த இடத்தில் மட்டும் எதையும் பூச விடாதீர்கள், சீழ் பிடிக்கும்.

இனி அவர் விழுங்கும் அசைக்ளோவிரைப் பற்றி. கைனேஸ் எந்தப் பக்கம் என்ற உங்கள் கேள்விக்குப் பாதி விடை அந்த மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. விழுங்கும்போது அது வெறும் முன்மருந்து. வேலை செய்ய அதன்மேல் மூன்று பாஸ்பேட் ஏற வேண்டும். முதல் பாஸ்பேட்டை வைப்பது வைரஸ் தனக்கென்று கொண்டுவந்த தைமிடின் கைனேஸ். இரண்டாவதை வைப்பது நம் செல்லின் குவானிலேட் கைனேஸ். மூன்றாவதையும் நம் செல்லின் நொதிகளே வைக்கின்றன. மூன்றும் ஏறிய பிறகுதான் அது வைரஸ் டிஎன்ஏ இழைக்குள் புகுந்து, இழை மேலே வளராமல் முறித்துவிடுகிறது.

வைரஸ் இல்லாத செல்லில் முதல் படி ஏறக்குறைய நடப்பதே இல்லை. அதனால் மருந்து அங்கே சும்மா கிடக்கிறது. தொற்றிய செல்லில் முப்பாஸ்பேட் வடிவம் 40 முதல் 100 மடங்குவரை கூடுதலாகச் சேர்கிறது. 1977-இல் கெர்ட்ரூட் எலியன் குழு இதை வெளியிட்டது. 1988-இல் எலியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் இருவருடனும் பகிர்ந்துகொண்டார். இந்த மருந்தை எழுதிக்கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன்.

இளவேனில்

நான் இளநிலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு. வைரஸிடமே கைனேஸ் இருக்கும்போது நம்முடையது எதற்கு?

நுண்ணோக்கி

நல்ல கேள்வி. இருப்பது போதாது என்பதுதான் காரணம். உதட்டில் கொப்புளம் வரச்செய்யும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் டிஎன்ஏ சுமார் 1,52,000 கார இணைகள். சைட்டோமெகலோ வைரஸுக்கு 2,35,000 வரை. வைரஸ்களில் இது பெரிய சொத்து. ஆனாலும் தன் மரபணுக்களைப் படியெடுக்க ஆர்என்ஏ பாலிமரேஸ் என்று சொந்தமாக ஒன்று கிடையாது. நம் செல்லின் ‘ஆர்என்ஏ பாலிமரேஸ் II’ என்ற நொதியைத்தான் நம்பியிருக்கிறது. அந்தப் பாலிமரேஸின் வாலில் சிடிகே7, சிடிகே9 என்ற நம் கைனேஸ்கள் பாஸ்பேட் வைத்தால்தான் அது ஓடும். முதல் வாசலிலேயே நம் ஆட்கள் வேண்டியிருக்கிறது.

அதற்கும் முன்னால், கதவே சில இடங்களில் கைனேஸ்தான். கபோசி சார்கோமா என்ற புற்றுக்கட்டிக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் செல்லுக்குள் நுழையப் பிடித்துக்கொள்வது எஃப்ஏ2 என்ற ஏற்பியை. அது ஒரு டைரோசின் கைனேஸ். இதே குடும்பத்து எப்ஸ்டீன்-பார் வைரஸும் தோலிழைமச் செல்களுக்குள் நுழைய அதையே பயன்படுத்துகிறது.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் கடைசியில் வருகிறது. உட்கருவுக்குள் உருவான வைரஸ் கூடு ஏறத்தாழ 125 நானோமீட்டர் அகலம். உட்கருத் துளை வழியாக அது வெளியே வர முடியாது. துளை அவ்வளவு சிறியது. உட்கரு உறையைத் துளைத்துக்கொண்டுதான் வர வேண்டும். உறையின் உட்புறம் லாமின் என்ற புரதத்தால் பின்னிய வலை இருக்கிறது. செல் இரண்டாகப் பிரியும்போது நம் சிடிகே1 அந்த வலையின் முடிச்சுகளில் பாஸ்பேட் வைக்கும், வலை அவிழும். வைரஸ் செய்வது என்னவென்றால், செல் பிரியாத நேரத்தில், தனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் அதே முறையில் வலையைத் தளர்த்துவது. சுண்டெலியின் சைட்டோமெகலோ வைரஸ் தன் புரதம் ஒன்றை உட்கரு உறையில் நிறுத்தி, செல்லின் புரதக் கைனேஸ் சி-யை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸும் அப்படியே வரவழைக்கிறது. கூடவே தன் சொந்தக் கைனேஸான யுஎஸ்3-ஐயும் சேர்த்துக்கொள்கிறது.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். லாமினுக்குப் பச்சை ஒளிர்சாயம் ஏற்றினால், தொற்றாத செல்லில் உட்கருவின் விளிம்பு கண்ணாடி வளையல்போல் ஒரே சீராக மின்னும். சைட்டோமெகலோ வைரஸ் தொற்றி மூன்று நாள் ஆன செல்லில் அந்த வளையல் நசுங்கி, அவரைவிதைபோல் ஒரு பக்கம் குழிந்திருக்கும். குழிவில் வைரஸின் தொழிற்கூடம் உட்கார்ந்திருக்கும். விளிம்பில் ஆங்காங்கே பச்சை மெலிந்து போயிருக்கும். முதல்முறை பார்த்த இரவு நெடுநேரம் இருட்டறையைவிட்டு வெளியே வர மனம் வரவில்லை.

செங்கழுநீர்

மருந்தியல் கற்பிப்பவள் நான். தம்பி நுண்ணோக்கி எழுதியதைப் படித்தால் எல்லோருக்கும் அடுத்துத் தோன்றுவது ஒன்றுதான்: வைரஸுக்கு வேண்டிய நம் கைனேஸைத் தடுத்துவிட்டால் போதுமே, வைரஸ் மரபணு மாறினாலும் தப்ப முடியாதே என்று. இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக இந்த ஆசை காட்டப்படுகிறது. 1998-இல் ராஸ்கோவிட்டின் என்ற சிடிகே தடுப்பான் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் பெருக்கத்தை வளர்ப்புச் செல்களில் நிறுத்தியது என்று ஷாங், பிலிப்ஸ், ஷாஃபர் மூவரும் வெளியிட்டார்கள். அருமையான ஆய்வு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இன்றுவரை மருந்துக்கடையில் ஹெர்பிஸுக்கென்று ஒரு சிடிகே தடுப்பான் கிடைக்கிறதா? இல்லை. உதட்டில் வரும் கொப்புளத்துக்காக, செல் பிரிவதையே நிறுத்தும் மருந்தை யாருக்குத் தருவீர்கள்? குடல், எலும்பு மஜ்ஜை, முடி, எல்லாம் நாள்தோறும் பிரிந்துகொண்டே இருக்கும் இடங்கள். புற்றுநோய்க்காரர் தாங்கிக்கொள்வார், அவருக்கு வேறு வழி இல்லை.

வார்டுவாசல்

அக்கா, ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழுதாக அல்ல. எங்கள் வார்டில் நம் கைனேஸைத் தடுக்கும் மருந்து ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக வேலை செய்வதைப் பார்க்கிறோம். சிரோலிமஸ், எவரோலிமஸ் இரண்டும் எம்டார் என்ற கைனேஸைத் தடுப்பவை. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் இருக்கத் தருகிறோம். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து என்றால் வைரஸ் கூடத்தானே வேண்டும்? எவரோலிமஸ் எடுப்பவர்களிடம் சைட்டோமெகலோ வைரஸ் தொற்று குறைவாகவே வருகிறது. பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது.

கபோசி சார்கோமா இன்னும் தெளிவு. 2005-இல் இத்தாலியக் குழு ஒன்று, சிறுநீரக மாற்றுக்குப் பின் தோலில் அந்தக் கட்டி வந்த 15 பேருக்குச் சைக்ளோஸ்போரின் என்ற வேறோர் எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்தை நிறுத்திச் சிரோலிமஸுக்கு மாற்றியது. மூன்று மாதத்தில் தோலில் இருந்த கட்டிகள் மறைந்தன. சிறுநீரகமும் தப்பியது. அந்த வைரஸ் நம் பிஐ3 கைனேஸ், ஏகேடி, எம்டார் வரிசையை முடுக்கிவிட்டுத்தான் கட்டியை வளர்க்கிறது. வரிசையின் கடைக்கண்ணியை அறுத்ததும் கட்டி சுருங்கியது.

செங்கழுநீர்

கபோசியை ஏற்கிறேன், டாக்டர். அங்கே எம்டார் தடுப்பு கட்டியின் வேரிலேயே கைவைக்கிறது. ஆனால் சைட்டோமெகலோ வைரஸில் நீங்கள் சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. வளர்ப்புச் செல்லில் சிரோலிமஸ் ஊற்றினால் அந்த வைரஸ் பெரிதாக அசைந்துகொடுப்பதில்லை. தொற்றிய செல்லில் எம்டார் கைனேஸ் சிரோலிமஸுக்குக் கட்டுப்படாமல் ஓடும்படி வைரஸ் செய்துவிடுகிறது. 2010-இல் மூர்மன், ஷெங்க் இருவரும் டோரின்1 என்ற வேறு தடுப்பானைப் போட்டபோதுதான் வைரஸ் நின்றது. டோரின் கைனேஸின் வேலைக்கூடத்திலேயே போய் அடைக்கும். சிரோலிமஸ் பக்கவாட்டில் ஒட்டும். எனவே எவரோலிமஸ் எடுப்பவரிடம் தொற்று குறைவதற்கு, வைரஸின் எம்டார் தடைபட்டதைவிட, டி செல்களின் போக்கு மாறுவதே பெரிய காரணமாக இருக்கலாம். எம்டாரைத் தடுத்தால் நினைவு டி செல்கள் வலுப்பெறுவது சுண்டெலிகளில் தெரிந்த செய்தி. வார்டில் நடந்ததும் உண்மை. அதற்குச் சொல்லும் காரணத்தில்தான் நாம் அவசரப்படக் கூடாது.

வார்டுவாசல்

இதை நான் யோசித்ததில்லை. நன்றி அக்கா. அப்படியானால் மருந்து பிடித்தது வைரஸின் கையையா, காவலரின் தோளையா என்று நோயாளியை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

நுண்ணோக்கி

அக்காவின் கருத்தோடு இதையும் சேர்க்க வேண்டும். நம் கைனேஸைத் தடுப்பது கடினம் என்பதை வைரஸே ஒரு வகையில் நமக்குக் காட்டுகிறது. எங்கே நம் கைனேஸை நம்ப முடியாதோ அங்கே அது போலி ஒன்றைக் கொண்டுவருகிறது. சைட்டோமெகலோ வைரஸின் யுஎல்97 நம் சிடிகேயின் வேலையைச் செய்யும்: ஆர்பி புரதத்தில் பாஸ்பேட் வைத்துச் செல்லின் பிரேக்கைத் தளர்த்தும், லாமின் வலையையும் அவிழ்க்கும். நம் சிடிகேயை அடக்க வரும் பி21 புரதம் இதைத் தொட முடியாது. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸின் யுஎஸ்3 இதேபோல் நம் ஏகேடி கைனேஸின் வேடத்தில் வந்து எம்டாரை முடுக்குகிறது.

ஓய்ந்திருக்கும் செல்லில் யுஎல்97 இல்லாத வைரஸ் மிகவும் தடுமாறும். நன்றாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்லில் அந்தத் தடுமாற்றம் குறையும், ஏனென்றால் அங்கே நம் சிடிகேக்களே விழித்திருந்து வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தச் செல்லில் சோதித்தோம் என்று சொல்லாத முடிவை அதனால்தான் நான் நம்புவதில்லை.

செங்கழுநீர்

அதே யுஎல்97-இல் கிடைத்த வெற்றியைப் பாருங்கள். மாரிபாவிர் என்ற மருந்து தடுப்பது அதைத்தான். மனிதனிடம் இல்லாத கைனேஸ், அதனால் எலும்பு மஜ்ஜை பெரும்பாலும் தப்புகிறது. நாக்கில் சுவை கெடுவதுதான் முக்கியத் தொல்லை. மற்ற மருந்துக்கு மசியாத தொற்று உள்ளவர்களில் 8 வார முடிவில் மாரிபாவிர் எடுத்தவர்களில் 55.7 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் வைரஸ் மறைந்தது, பழைய மருந்துகள் எடுத்தவர்களில் 23.9 விழுக்காட்டினருக்கு. 2021 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: மாரிபாவிரையும், சைட்டோமெகலோ வைரஸுக்குத் தரும் பழைய மருந்தான கேன்சைக்ளோவிரையும் சேர்த்துத் தரக் கூடாது. இந்த வைரஸிடம் தைமிடின் கைனேஸ் இல்லை. கேன்சைக்ளோவிரின்மேல் முதல் பாஸ்பேட்டை வைப்பது யுஎல்97தான். அதையே அடைத்துவிட்டால் கேன்சைக்ளோவிர் விழிக்காது. சைடோஃபோவிர் என்ற இன்னொரு மருந்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. முதல் பாஸ்பேட்டுக்கு ஈடானது அதன் உடலிலேயே இருக்கிறது, மீதி இரண்டையும் நம் செல் வைத்துவிடும். சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது அதன் குறை.

இளவேனில்

நம்மைக் காக்கும் கைனேஸ் என்று ஜாக்கை மட்டும்தான் சொன்னீர்கள். வேறு இருக்கிறதா?

நுண்ணோக்கி

பிகேஆர். இரட்டை இழை ஆர்என்ஏ கண்ணில் பட்டதும் அது ஈஐஎஃப்2 ஆல்ஃபா என்ற புரதத்தில் பாஸ்பேட் வைத்து, செல்லின் புரத உற்பத்தி முழுவதையும் நிறுத்திவிடும். தனக்கும் உணவில்லை, வைரஸுக்கும் இல்லை. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் அதைத் தாண்ட ஐசிபி34.5 என்ற புரதத்தை வைத்திருக்கிறது. அது செல்லின் ஒரு பாஸ்பட்டேஸை இழுத்து வந்து, பிகேஆர் வைத்த பாஸ்பேட்டைக் கழற்ற வைக்கிறது. ஐசிபி34.5-ஐ நீக்கிவிட்டால் வைரஸ் இயல்பான செல்லில் நொண்டும். பல புற்றுச் செல்களில் அந்தக் காவல் ஏற்கெனவே பழுதாகியிருப்பதால் அங்கே மட்டும் பெருகும். அப்படி நீக்கிச் செய்த வைரஸே மெலனோமா புற்றுக்கு மருந்தாக 2015 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஒரு கைனேஸின் குணத்தை அறிந்ததால் கிடைத்த மருந்து அது.

தூங்கும் வைரஸை எழுப்புவதிலும் கைனேஸ் உண்டு. நரம்பு வளர்ச்சிக் காரணி தரும் சமிக்ஞை பிஐ3 கைனேஸ் வழியாக ஓடும்வரை ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் நரம்பணுவில் தூங்குகிறது. அந்தச் சமிக்ஞை அறுந்தால் டிஎல்கே, ஜேஎன்கே என்ற நெருக்கடிக் கைனேஸ்கள் கிளம்பி, வைரஸ் டிஎன்ஏ சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் என்ற புரதத்தில் ஒரு பாஸ்பேட்டை வைக்கின்றன. பக்கத்திலேயே ‘திறக்காதே’ என்று பூட்டாக நிற்கும் மெத்தில் குறி இருக்கும். அதை அழிக்காமலே பூட்டு வலுவிழக்கிறது. கிளிஃப் குழு 2015-இல் இதைச் சுண்டெலி நரம்பணுக்களில் காட்டியது. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸுக்குக் காட்டப்பட்டது. அக்கி வைரஸுக்கு அப்படியே பொருத்திவிடாதீர்கள். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் ஒரே நரம்பணுவுக்குள் பிஐ3 கைனேஸ் தாலாட்டுகிறது, ஜேஎன்கே உலுக்குகிறது. பிஐ3 கைனேஸைத் தடுக்கும் மருந்தை ஊற்றினால், தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் எழுந்துவிடும். பெருகிக்கொண்டிருக்கும் வைரஸுக்கோ அதே வரிசைதான் சோறு போடுகிறது.

காவிரிக்கரையான்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். கொப்புளங்கள் கருத்துப் பொருக்கு தட்டி உதிரத் தொடங்கிவிட்டன. இரவில் இன்னும் சுரீர் என்று இழுக்கிறது என்கிறார். அதற்குத் தனி மாத்திரை. மூட்டு மருத்துவரைப் பார்த்தோம். தடுப்பூசியின் முதல் தவணை அடுத்த மாதம், அதன் பிறகு மூட்டு மாத்திரையைத் திரும்பத் தொடங்கலாம் என்றார். நிறுத்தியதில் காலை எழுந்ததும் விரல்கள் மீண்டும் விறைக்கின்றன. பொத்தானை இப்போது அம்மா போட்டுவிடுகிறார்.

நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். மூன்று பாஸ்பேட் கதையை இரண்டு முறை படிக்கச் சொன்னார். வைரஸ் போட்ட முதல் முடிச்சில் நம் ஆட்கள் மீதி இரண்டைப் போட்டு அதை முடித்துவிட்டார்கள், அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். சரியா டாக்டர்?

வார்டுவாசல்

மிகச் சரி. ஐந்து வேளையும் தவறாமல் சாப்பிட்டாரே, அதையும் அவரிடம் சொல்லுங்கள். இரவு வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் திரும்பக் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.